கணினிக்குள் சுழலும் நீர்: ஆய்வா, வெறும் கணக்கா?

நீர்க்குமிழி:
கொந்தளிப்பு ஓட்டத்தை (டர்புலன்ஸ், ஒழுங்கின்றிச் சுழன்று கலையும் ஓட்டம்) கணினியில் ஓட்டிவிட்டு அதைப் "பரிசோதனை" என்று எழுதுகிறார்கள். எனக்கு இது ஏற்பில்லை. நாம் கொடுத்த சமன்பாட்டைத்தானே அது தீர்க்கிறது? போட்டதுதான் வரும். 1883இல் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் சாயம் விட்டார்; நூல் பிடித்ததுபோல் போன சாயம் வேகம் கூடியதும் சட்டென்று கலைந்து குழாயை நிறைப்பதைக் கண்ணால் பார்த்தார். சுவரை ஒட்டி மெதுவாக நகரும் நீளக் கீற்றுகளை, 1967இல் ஸ்டான்ஃபோர்டில் கிளைன் குழுவினர் நீரில் ஹைட்ரஜன் குமிழிகளை விட்டுப் படமெடுத்துக் காட்டினார்கள். இரண்டும் கணினி சொல்லி வந்தவை அல்ல. பதினைந்து ஆண்டுகளாகச் சூட்டுக்கம்பி (ஓட்டத்தில் எவ்வளவு வெப்பம் இழக்கிறது என்பதை வைத்து வேகம் காட்டும் மெல்லிய கம்பி) வைத்துத் திசைவேகம் அளக்கிறேன். வண்ணப் படத்தைக் காட்டி "இதுதான் டர்புலன்ஸ்" என்று யாராவது சொன்னால் மனம் ஒப்பவில்லை.

சுழல்மாறன்:
வெவ்வேறான இரண்டை ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். ரான்ஸ் முறையில் ஓட்டத்தைச் சராசரியாக்கிவிட்டு, சுழல்கள் செய்யும் வேலையை ஒரு மாடலிடம், அதாவது தோராயச் சூத்திரத்திடம், ஒப்படைக்கிறோம். அங்கே "போட்டதுதான் வரும்" என்பது சரி. எல்லாச் சுழல்களையும் நேரடியாகக் கணக்கிடும் டி.என்.எஸ்.ஸில் மாடலே கிடையாது. நீர், காற்றின் இயக்கத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு, எல்லை நிபந்தனை, தொடக்கத்தில் கொஞ்சம் கலக்கம், அவ்வளவுதான் உள்ளே போகிறது. சுழல் எங்கே பிறக்க வேண்டும், எப்போது உடைய வேண்டும் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

சதுரக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். கொந்தளிப்பு ஓட்டத்தில் நீர் முன்னோக்கிப் போவதோடு, நடுவிலிருந்து நான்கு மூலைகளுக்கும் மெல்லத் தள்ளப்பட்டுச் சுவரோரமாகத் திரும்பும். முக்கிய வேகத்தில் ஓரிரு சதவீதம்தான். 1920களிலேயே ஆய்வுக்கூடத்தில் கண்டது. ரான்ஸில் வழக்கமான கே-எப்சிலான் மாடலில் இது வரவே வராது. மெஷ்ஷை (கணக்கிடும் புள்ளிகளின் வலையை) எவ்வளவு நுணுக்கினாலும் பூச்சியம்தான், ஏனென்றால் இதைப் பிறப்பிக்கும், திசைக்குத் திசை மாறும் கொந்தளிப்புத் தகைவு வேறுபாடுகளை அந்த மாடல் முதலிலேயே துடைத்துவிடுகிறது. டி.என்.எஸ். ஓட்டினால் யாரும் கேட்காமலே மூலைச் சுழல்கள் வந்து நிற்கின்றன. போடாதது எப்படி வந்தது?

மெஷ்காரன்:
ரெண்டு பேருமே என்னை விட்டுட்டுப் பேசுறீங்க. தொழிற்சாலைக் குழாய், வால்வு, விசிறின்னு தினமும் ரான்ஸ்தான் ஓட்டுறேன். திங்கட்கிழமை கேட்டா வெள்ளிக்கிழமை விடை கொடுக்கணும். படி மாதிரி திடீர்னு அகலமாகுற இடத்துல, பிரிஞ்ச ஓட்டம் படி உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல தள்ளிப் போய்தான் சுவரைத் தொடும். கே-எப்சிலான் அதைக் குறைச்சே சொல்லும்னு தெரிஞ்சுதான் ஓட்டுறோம். ஒருமுறை அதை மறந்துட்டு சென்சாரை அந்தச் சுழலுக்குள்ளேயே வைக்கச் சொல்லிட்டேன். தப்பு என்னோடது, மாடலோடது இல்லை.

நீர்க்குமிழி:
மெஷ்காரன், இப்படி வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. சுழல்மாறன், சதுரக் குழாய் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் எந்த ரெனால்ட்ஸ் எண்ணில் (வேகமும் அளவும் கூடினால் ஏறும், பிசுப்பு கூடினால் இறங்கும் எண்)? கொல்மகோரவ் 1941இல் காட்டிய வழியில் போனால், தேவைப்படும் புள்ளிகள் ரெனால்ட்ஸ் எண்ணின் 9/4 படியாக ஏறும். பெரிய சுழல்களை வைத்துக் கணக்கிட்ட எண் 10 லட்சம் என்றால் சுமார் 30 லட்சம் கோடி புள்ளிகள். புள்ளிக்கு மூன்று திசைவேகக் கூறுகள், ஓர் அழுத்தம். ஒரே ஒரு கணத்தை நினைவகத்தில் நிறுத்தவே ஏறக்குறைய 1 பெட்டாபைட் ஆகிவிடும். நேரப் படிகளையும் சேர்த்தால், எண் இரட்டிக்கும்போது செலவு எட்டு மடங்கு. பிரின்ஸ்டனில் காற்றை அழுத்திக் குழாயில் விட்டு 3.5 கோடி ரெனால்ட்ஸ் எண் வரை அளந்து 1998இல் வெளியிட்டார்கள். அந்த இடத்துக்கு உங்கள் கணினி எப்போது வரும்?

சுழல்மாறன்:
அங்கே உங்கள் கைதான் ஓங்கி நிற்கிறது, மறுக்க மாட்டேன். 1972இல் ஓர்சாக், பேட்டர்சன் இருவரும் ஓட்டிய டி.என்.எஸ். பக்கத்துக்கு 32 புள்ளிகள் கொண்ட கனசதுரம். முப்பது ஆண்டில் அது 4096 ஆனது. அப்படியும் வளிமண்டலம் எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் உங்கள் கீற்றுகளுக்கே வருகிறேன். அவை இருக்கின்றன என்று குமிழிகள் காட்டின. அவை இல்லாவிட்டால் கொந்தளிப்பு பிழைக்குமா? ஆய்வுக்கூடத்தில் கீற்றை மட்டும் பிடுங்கி எறிய வழியில்லை. 1991இல் ஹிமெனெஸ், மொயின் இருவரும் கணக்கிடும் பெட்டியைக் குறுக்கிக்கொண்டே போனார்கள். ஒரு கீற்று இடைவெளி அளவுக்கு அகலம் இருக்கும்வரை சுவரோரக் கொந்தளிப்பு உயிரோடு இருந்தது. அதற்கும் கீழே அணைந்துவிட்டது. பிறகு 1999இல் ஹிமெனெஸ், பினெல்லி கீற்றுகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தபோது சுவரோரச் சுழற்சி ஓய்ந்தது. ஒன்றை நீக்கிவிட்டு விளைவைப் பார்ப்பதற்குப் பரிசோதனை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. 1987இல் கிம், மொயின், மோசர் ஏறக்குறைய 40 லட்சம் புள்ளிகளில் கால்வாய் ஓட்டத்தைத் தீர்த்தபோது, சுவருக்கு மிக அருகில் பழைய அளவீடுகளோடு ஒத்துப்போகாத இடங்கள் இருந்தன. சூட்டுக்கம்பியைச் சுவரருகே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நீர்க்குமிழி:
சுவர் வெப்பத்தை இழுக்கும். கம்பி அதை வேகம் என்று எண்ணிக் கூட்டிக் காட்டும். சரி. அந்தப் பகுதிக்கு என் அளவீட்டைவிட உங்கள் கணக்கை நம்புவேன். கீற்றை நீக்கிப் பார்த்ததைப் பரிசோதனை என்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெஷ் போதுமா, பெட்டி போதிய நீளமா என்று காட்டாத படத்தை ஏற்க மாட்டேன்.

மெஷ்காரன்:
இதைத்தான் நானும் கேக்குறேன். மெஷ் இடைவெளியைப் பாதியாக்கி விடை மாறுதான்னு பார்க்காம யாரும் என்கிட்ட படம் அனுப்பாதீங்க.

சுழல்மாறன்:
2011இல் குழாய் ஓட்டத்தில் கொந்தளிப்பு எப்போது நிலைக்கிறது என்பதை அவிலா, ஹோஃப் குழுவினர் இரு வழியிலும் தேடினார்கள். கொந்தளிப்புத் திட்டுகள் அணைவதும், இரண்டாகப் பிரிந்து பெருகுவதும் 2040 என்ற ரெனால்ட்ஸ் எண்ணில் சமமாகின்றன. ரெனால்ட்ஸ் தொடங்கிவைத்த கேள்விக்குக் குழாயும் கணினியும் சேர்ந்தே விடை கொடுத்தன. நாமும் ஒன்று செய்வோமா? உங்கள் குழாயில் ரெனால்ட்ஸ் எண் 5300இல் எடுத்த தரவு இருக்கிறதா?

நீர்க்குமிழி:
இருக்கிறது. சுவரருகே உள்ள புள்ளிகளைத் தனியாகக் குறித்து அனுப்புகிறேன்.

சுழல்மாறன்:
நுழைவாயிலிலிருந்து அளவிடும் இடம்வரை எத்தனை விட்டம் நேர்க்குழாய்?

நீர்க்குமிழி:
எண்பது.

சுழல்மாறன்:
போதும். அனுப்புங்கள், மெஷ்ஷை இரண்டு அளவில் ஓட்டி, இரண்டையும் இங்கேயே போடுகிறேன்.