பீசோ பிக்கப்போடு சவுண்ட் என்ஹான்ஸர் வைத்தால் மேடையில் ஏன் இப்படி ஆகிறது?

விரல்வாசிப்பு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது ஸ்டீல் கம்பி அகூஸ்டிக் கிட்டார். கம்பிகள் உட்காரும் சேடிலுக்கு அடியில், அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பீசோ பிக்கப் இருக்கிறது. பேட்டரியும் இல்லை, சிக்னலை முதலில் பலப்படுத்தும் பிரீஆம்பும் உள்ளே இல்லை. பெரும்பாலும் ஒரு பாடகிக்குத் துணையாக, விரலால் வாசிக்கிறேன்.

நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த சவுண்ட் என்ஹான்ஸர் (ஒலியைப் பளிச்சென்று ஆக்கும் கருவி) ஒன்றைக் கொடுத்தார். ரேக்கில் மாட்டும் வகை. லோ, ஹை என்று இரண்டே நாப். கிட்டார் கேபிளை நேராக அதில் செருகி, அங்கிருந்து மிக்ஸருக்குக் கொடுக்கிறேன். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. ஹை நாப்பைப் பாதிக்கு மேல் வைத்தால் இன்னும் பிடிக்கிறது.

மேடையில் மட்டும் கதையே வேறு. நகம் கம்பியில் படும் சத்தம்தான் முன்னால் நிற்கிறது, மெலடி பின்னால் போய்விடுகிறது. அடிக்குரல் போதவில்லை என்று லோ நாப்பைத் திருப்பினால், ஆறாவது கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில் ஜி வாசிக்கும்போதெல்லாம் மேடை மானிட்டர் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது. பாடகிக்கு அவர் குரலே கேட்பதில்லை. செட்டிங் தவறா, அல்லது அகூஸ்டிக் பிக்கப்புக்கு இந்தக் கருவியே ஒத்துவராதா?

நைலான்தந்தி

என்ஹான்ஸரைக் கழற்றி வைத்துவிட்டு ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) பெடல் ஒன்று வாங்குங்கள். ஃபிஷ்மன் ஆரா, டோன்டெக்ஸ்டர் மாதிரி. மைக் வைத்துப் பதிவு செய்த ஒலியின் குணத்தை பிக்கப் ஒலியின் மேல் ஏற்றித் தரும். மரத்தின் ஒலி திரும்பக் கிடைக்கும்.

மேடைக்காது

விரல்வாசிப்பு தம்பி, நான் மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிறவன். கிட்டாரும் வாசிப்பேன், ஆனால் பிறர் வாசிப்பதைக் கேட்பதுதான் என் வேலை. எந்தப் பெடலும் வாங்குவதற்கு முன் நீங்கள் கவனிக்க வேண்டியது கிட்டாருக்கும் அந்த ரேக்குக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே பிரீஆம்ப் இல்லை. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பீசோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு சிறிய கெபாசிட்டர். அது போய்ச் சேரும் கருவியின் இன்புட் இம்பீடன்ஸோடு (சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை, ஓமில் அளப்பது) சேர்ந்து, கீழ் ஒலிகளை வெட்டும் ஃபில்டராக மாறிவிடும். உங்கள் பீசோவின் கெபாசிட்டன்ஸ் 1000 பிக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 10 மெகா ஓம் இன்புட்டில் செருகினால் வெட்டு 16 ஹெர்ட்ஸில் விழும், அதாவது இசைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. 1 மெகா ஓம் என்றால் 160 ஹெர்ட்ஸ். உங்கள் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பதால் அதன் அடிப்பகுதி கொஞ்சம் மெலியும். ரேக் கருவிகளின் லைன் இன்புட் பெரும்பாலும் சில பத்து கிலோ ஓம்தான். 20 கிலோ ஓம் என்று கணக்குப் போட்டால் வெட்டு ஏறக்குறைய 8000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும்! அதற்குக் கீழே இருப்பதெல்லாம், அதாவது கிட்டாரின் உடம்பு முழுக்க, படிப்படியாகக் கரைந்துவிடுகிறது. மிஞ்சுவது நகச் சத்தம். என்ஹான்ஸர் அதைத்தான் தூக்கிக் காட்டுகிறது.

அந்தக் கருவி உள்ளே என்ன செய்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதில் இரண்டு குடும்பம் உண்டு. அஃபெக்ஸ் நிறுவனம் 1970களில் கொண்டுவந்த ஆரல் எக்ஸைட்டர் வகை, மேல் ஒலிகளிலிருந்து புதிய ஹார்மோனிக்ஸை (மூல ஒலியின் மடங்குகளில் வரும் மேல் ஒலிகளை) உருவாக்கி, மூல ஒலியோடு சிறிதளவு கலக்கும். பிபிஇ சோனிக் மாக்ஸிமைசர் வகை, ஒலியை மூன்று பட்டைகளாகப் பிரித்து, கீழ்ப்பட்டையை மில்லி செகண்ட் கணக்கில் தாமதப்படுத்தி, மேல்பட்டையை வாசிப்பின் வேகத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும். நாடாவில் பதிவு செய்து மங்கிய மிக்ஸுக்கு இவை உயிர் கொடுத்தது உண்மை. மங்கிய ஒலிக்குத்தான் அந்த மருந்து. பீசோ மங்கலான பிக்கப்பே இல்லை. கம்பி தட்டப்படும் அந்த முதல் நொடியை அது தேவைக்கு மேல் பிடிக்கிறது. 1.5 முதல் 3 கிலோ ஹெர்ட்ஸ் வரை பிளாஸ்டிக் மாதிரி கடிக்கும். ஏற்கெனவே அதிகமாக இருப்பதை இன்னும் கூட்டினால் காது களைத்துப்போகும். பாடகியின் சொற்கள் தெளிவாகக் கேட்பதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான். கிட்டார் அங்கே குத்தினால் குரல் மறைந்துபோகும்.

ஊளைக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன ஜி 98 ஹெர்ட்ஸ். பெரும்பாலான முழு அளவு அகூஸ்டிக்குகளில், ஒலித்துளை வழியாகக் காற்று அதிரும் இடம் 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் வரும். லோ நாப் அதே இடத்தைத் தூக்குகிறது. மானிட்டரின் சத்தம் கிட்டார் பெட்டியை அசைக்கிறது, பெட்டி சேடிலை அசைக்கிறது, சுற்று முடிந்தது. அந்த நாப்பை முழுவதும் இறக்கிவிடுங்கள்.

என் கணக்கில் வரிசை இப்படி இருக்க வேண்டும். பிக்கப்பிலிருந்து நேரே உயர் இம்பீடன்ஸ் பிரீஆம்ப் அல்லது டிஐ, அதாவது கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக்கும் பெட்டி (எல்.ஆர்.பேக்ஸ் பாரா டிஐயின் இன்புட் 10 மெகா ஓம், உதாரணத்துக்குச் சொல்கிறேன்), அப்புறம் 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு குறுகிய நாட்ச் (அந்த இடத்தை மட்டும் வெட்டுவது), 2 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் மிதமான வெட்டு. சிக்னலைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச் இருந்தால் இரண்டு நிலையிலும் கேட்டு, ஊளை குறைவான பக்கம் வையுங்கள். என்ஹான்ஸர் வேண்டுமென்றால் இதற்கெல்லாம் பின்னால், ரிவெர்புக்கு முன்னால். ஹை நாப் கால் பங்குக்குள்.

சோதிக்கும்போது ஒன்றை மட்டும் விடாதீர்கள். பைபாஸிலும் (என்ஹான்ஸர் வேலை செய்யாத நிலை) ஆனிலும் சத்த அளவை ஒன்றாக்கிவிட்டுக் கேளுங்கள். இந்தக் கருவிகள் ஆன் செய்ததும் சத்தம் கொஞ்சம் ஏறும், சத்தம் ஏறினால் காதுக்கு நல்லதாகவே படும். அளவைச் சமன் செய்த பிறகும் பிடித்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நைலான்தந்தி

இம்பீடன்ஸ் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் சார். ஆனால் என்ஹான்ஸருக்கே இடமில்லை என்பது போலத் தொனிக்கிறது. ஒலித்துளையில் மாட்டும் காந்த பிக்கப் வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒலி கொஞ்சம் மொத்தையாக இருக்கும். அதில் எக்ஸைட்டரைத் துளி சேர்த்தால் காற்று வருகிறது. கம்பி பழசான நாளில் நிஜமாகவே உதவுகிறது.

மேடைக்காது

நீங்கள் சொல்வது சரி, காந்த பிக்கப்பில் நானே போடச் சொல்வேன். அது மேல்பகுதி குறைந்து வரும் ஒலி என்பதால் மருந்து பொருந்துகிறது. பாலத்துக்கு அடியில் பலகையில் ஒட்டும் கான்டாக்ட் வகையிலும் சில கிட்டார்களில் நடுப்பகுதி தடிமனாக வரும், அங்கேயும் துளி போடலாம். நான் தயங்குவது சேடில் பீசோவுக்குத் தாராளமாகப் போடுவதற்குத்தான்.

ஐஆர் பெடலும் நல்ல யோசனைதான், ஆனால் அதையும் மேடையில் முழுதாகத் திறக்கக் கூடாது. மைக்கின் குணத்தோடு பெட்டியின் அதிர்வுகளும் திரும்ப வருவதால் ஊளையும் கூடவே வரும். நேரடி பிக்கப் ஒலியைப் பாதிக்கு மேல் வைத்துத் தொடங்கி, பிறகு கலப்பை மெதுவாக ஏற்றிப் பாருங்கள்.

விரல்வாசிப்பு

மிக்க நன்றி அண்ணா. நண்பரின் டிஐ பாக்ஸ் ஒன்றைக் கடன் வாங்கி நடுவில் வைத்துப் பார்த்தேன். இன்புட் 1 மெகா ஓம் என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. என்ஹான்ஸரை எடுத்துவிட்டேன். கிட்டாருக்கு உடம்பு இருப்பது இப்போதுதான் தெரிகிறது! ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மேடையில் டிஐ தள்ளி இருப்பதால் நீளமான கேபிள் போட வேண்டியிருக்கிறது. மேல் ஒலி மங்கிவிடுமா?

மேடைக்காது

காந்த பிக்கப் என்றால் மங்கும். பீசோவில் அப்படி இல்லை. கேபிளும் கெபாசிட்டன்ஸ்தான், அதனால் மொத்த அளவுதான் குறையும், ஒலியின் நிறம் பெரிதாக மாறாது. அளவு குறைந்தால் மிக்ஸரில் கெய்ன் ஏற்ற வேண்டிவரும், இரைச்சலும் கூடவே ஏறும். ஆகவே டிஐயை உங்கள் காலடியில் வைத்து, அங்கிருந்து மிக்ஸர் வரை மைக்குக்குப் போடும் எக்ஸ்எல்ஆர் கேபிளை இழுக்கச் சொல்லுங்கள். பெல்ட்டில் மாட்டும் சின்ன பிரீஆம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது.