சைகை வீடியோவிலிருந்து அட்டைப் படம்: விரல்கள் மங்குகின்றன

டீச்சர்_சிப்புட்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டப் பிள்ளைகளின் டியூஷன் வகுப்பில் காது கேளாத மாணவி ஒருத்தி படிக்கிறாள். மற்ற பிள்ளைகளும் அவளோடு பேச, மலேசிய சைகை மொழிச் சொற்கள் 40-ஐ அட்டையாக அச்சிட வேண்டும். கைப்பேசி வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் விரல்களே தெரியவில்லை. எந்த மென்பொருள் சரிப்படும்?

கைவிரல்:
அந்த மங்கலை எந்த மென்பொருளும் சரியாக நீக்காது, டீச்சர். அது படம்பிடிக்கும்போதே விழுந்துவிடுகிறது. கை ஓடும் வேகத்துக்கு ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கிறது. கேமராவின் புரோ முறையில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டரை 1/250 விநாடிக்கு வைத்து, விநாடிக்கு 60 பிரேமில் (பிரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப்படம்) எடுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுங்கும்; படத்தில் பட்டை பட்டையாக ஓடும். பகலில், வாசல் கூரை நிழலில், வெறும் சுவர் முன்னால் நிற்க வையுங்கள். சட்டை ஒரே நிறம், தோல் நிறத்தோடு ஒட்டாததாக இருக்கட்டும்.

பிறகு அவிடிமக்ஸ் என்ற இலவச வீடியோ மென்பொருளில் திறவுங்கள். இடது, வலது அம்பு விசைகள் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும். சைகை தொடங்கும்போதும் முடியும்போதும் கை ஒரு கணம் நிற்கும். அந்த இரண்டு பிரேம்தான் வேண்டும். தரம் குறையாத பிஎன்ஜி படக் கோப்பாகச் சேமியுங்கள்.

பேராக்_கணினி:
எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளில் விநாடிக்கு 5 படம் எனத் தானாகவே பிரிக்கலாமே?

கைவிரல்:
அப்படிச் செய்தால் 0.2 விநாடிக்கு ஒரு படம்தான் வரும். கை நிற்பது 0.1 விநாடியாக இருந்தால் நழுவிவிடும். 40 சொல்தானே, கையாலேயே தேர்ந்தெடுக்கலாம்.

அம்புக்குறி:
இரண்டு பிரேமையும் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் ஒரே படமாக்கலாம். முடிவுப் பிரேம் அடியில். தொடக்கப் பிரேம் மேல் அடுக்கில், ஒளிபுகாமை (opacity) 40 விழுக்காடு. மேல் அடுக்கில் கையை மட்டும் விட்டு மற்றதை அழியுங்கள், இல்லாவிட்டால் முகம் இரண்டாகத் தெரியும். இரண்டு பிரேமும் சரியாகப் பொருந்த, படம்பிடிக்கும்போது கைப்பேசிக்கு முக்காலி அவசியம். நகரும் திசைக்கு அம்பு போடுங்கள், ஆனால் முகத்தின் மேல் வேண்டாம்: கேள்வியா இல்லையா என்பதைப் புருவமே சொல்லும். முகத்தை வெட்டிய அட்டை பாதிச் சொல்தான்.

செல்ஃபி கேமரா சிலவற்றில் இடமும் வலமும் மாறிப் பதிவாகும், பின்கேமராவையே பயன்படுத்துங்கள். வாட்சாப்பில் அனுப்பினால் கோப்பாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். 1080 புள்ளி உயரப் படம் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 9 சென்டிமீட்டர்தான் வரும். இரு பக்கத்து வெறும் சுவரை வெட்டிவிட்டால் ஏ4 தாளில் நான்கு அட்டை போடலாம்.

அச்சுக்கு முன் சொல்லை மறைத்துப் படத்தை மட்டும் அந்த மாணவியிடம் காட்டுங்கள். அவள் வேறு சைகை செய்தால் அம்பை மாற்றுங்கள்.