ரேந்தை (கட்டையில நூல் சுத்திப் பின்னுற லேஸ்) போடுற கையை நேர்ல பார்த்தவங்க சொல்லுங்க

நெய்யூர்ப் பேத்தி
இலங்கையில காலிங்கிற ஊரோட கோட்டைக்குள்ள ஒரு வீட்டுத் திண்ணை. வயசான அம்மா ஒருத்தங்க பீரலு, அதாவது அங்கத்து ரேந்தை, போட்டுக்கிட்டு இருந்தாங்க. நூல் சுத்தின கட்டைங்க ஒண்ணோட ஒண்ணு தட்டுற சத்தம் கேட்டதும் நின்னுட்டேன். எங்க பாட்டி நூலை மாத்தும்போதும் முறுக்கும்போதும் "குறுக்கு, முறுக்கு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே போடுவாங்க, அதே சத்தம். எங்க வீட்லயும் இதுதான்னு சைகை காட்டினேன். அவங்க தலையாட்டிட்டு, ரேந்தை பின்னுற தலையணை நடுவுல பதிச்சிருந்த உருளையைத் திருப்பிக் காட்டினாங்க. போடப்போட அது சுத்தும், கரை நீண்டுக்கிட்டே போகும். பாட்டி தலையணையில உருளை கிடையாது. அப்புறம் நாலு கட்டையை என் கையில வச்சாங்க. ஒரு குறுக்கு, ஒரு முறுக்கு, அதுக்கு மேல விரல் ஓடலை. அவங்க அவசரப்படுத்தவே இல்லை, காத்துக்கிட்டே இருந்தாங்க. பத்து வயசுல எனக்குத் தெரிஞ்ச வேலை அது.

டெவன்வாசி
இங்கிலாந்தில் டெவன் பகுதியின் ஹானிடன் ரேந்தை வகுப்புக்கு முதல் நாள் போனேன். பழைய சாமான் கடையில் ஆசையாய் வாங்கிய பெட்ஃபோர்ட்ஷயர் (இங்கிலாந்தின் இன்னொரு ரேந்தைப் பகுதி) கட்டைகள், நுனியில் கண்ணாடி மணி வளையம். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் அவற்றை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டார். மதியம்தான் புரிந்தது. ஹானிடனில் பூ தனி, இலை தனி. இணைக்கும்போது ஓரத்தில் ஒரு கண்ணி இழுத்து, அதற்குள் கட்டையையே நுழைத்து எடுக்க வேண்டும். மணி இருந்தால் எப்படி நுழையும்? அதனால்தான் அங்கே கட்டை மெலிசு, வழவழப்பு, முனை கூர். பெட்ஃபோர்ட்ஷயரில் மணி எடைக்காக. நூல் தொய்யாது, கட்டை உருளாது. விக்டோரியா ராணியின் 1840 கல்யாண ரேந்தை பீர் என்ற ஊரில் உருவானது, ஹானிடன் முறையில்தான். நெய்யூர் அக்கா, உங்கள் பாட்டி போட்டதும் ஹானிடனாகத்தான் இருக்கும்.

இடையன்குடியான்
அது எப்படிங்க பார்க்காமலே சொல்றீங்க? நாகர்கோவில்ல மிஷனரி மால்ட் அம்மையார் சொல்லிக்கொடுத்தாங்க. அவங்க மக எலிசா 1844-ல கால்டுவெல்லைக் கட்டிக்கிட்டு வந்து எங்க ஊர்லயும் தொடங்கினாங்க. கத்துக்கொடுத்தவங்க இங்கிலாந்துக்காரங்கன்னா ஹானிடன்னு ஆயிடுமா? எங்க அம்மா போட்ட மேஜை விரிப்புக் கரையில நூல் ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் அறுபடாமப் போகும். பூவும் வலையும் சேர்ந்தே வளரும். அதை நான் மடிச்சு வச்சே கெடுத்தேன், மடிப்புல நூல் இத்துப்போச்சு. அதனால சொல்றேன், வீட்ல பழசு வச்சிருக்கவங்க மடிக்காதீங்க. வெள்ளைத் துணி சுத்தின குழாயில உருட்டி வைங்க. குண்டூசி குத்தி வைக்காதீங்க, துரு இறங்கினா போகாது. கஞ்சியோட பெட்டிக்குள்ள போடாதீங்க, பூச்சி வரும். துவைக்கணும்னா மெல்லிய துணியில வச்சுத் தைச்சு வெதுவெதுப்பான தண்ணியில அமுக்கி எடுங்க, கசக்கவே கூடாது. பிளாஸ்டிக் பை வேண்டாம்.

குளிர்தேசம்
ஸ்லோவேனியாவுல இத்ரியா. 1876-ல இருந்து ரேந்தைப் பள்ளி இருக்கு. ஒரு சிறுமி ஏழெட்டு ஜோடிக் கட்டையை மட்டும் வச்சு ஒரே நாடாவை வளைச்சு வளைச்சு ஓட்டினா. வாலன்சியன்ஸ்ங்கிற பிரெஞ்சு ரேந்தைக்கு நூத்துக்கணக்குல கட்டை வேணும்னு படிச்சிட்டுப் போனவன் நான், அசந்துட்டேன். வளைவுல நாடா தன்னையே தொடுற இடத்துல அவளும் கண்ணி இழுத்துத்தான் கோத்தா. ஆக கண்ணி கோக்கிறதெல்லாம் ஹானிடனும் இல்லை.

நெய்யூர்ப் பேத்தி
பாட்டி போட்ட ரேந்தை வச்ச தலையணை உறையை எடுத்து லென்ஸ் வச்சுப் பார்த்தேன். இடையன்குடி அண்ணன் சொன்ன மாதிரிதான். நூல் பூவுக்குள்ள புகுந்து வலைக்கு வந்து ஓரம் வரைக்கும் போகுது, எங்கயும் ஒட்டு இல்லை. ஒரு மூலையில மட்டும் நாலு விரக்கடை அளவுக்கு முறுக்கு விட்டுப்போயிருக்கு. பாட்டி எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுலதானான்னு அம்மாகிட்ட கேட்டிருக்கேன்.