நெல்மணி வைத்ததும் ஸ்ட்ரீமர் மாடல் நின்றுவிடுகிறது, அவசரம்

குடமுருட்டி:
விதைநேர்த்திக்கான டி.பி.டி. (மின்காப்புத் தட்டை இடையில் வைத்த மின்னிறக்கம்) கம்ப்யூட்டர் மாடல். மேலே ஊசி எலக்ட்ரோடு, கீழே கண்ணாடித் தட்டு, அதன்மேல் ஒரு நெல்மணி. நெல் இல்லாமல் ஓட்டினால் ஸ்ட்ரீமர் (ஊசியிலிருந்து காற்றில் நீளும் மெல்லிய மின்னிழை) ஒழுங்காக இறங்கித் தட்டில் பரவுகிறது. நெல்லை வைத்தால், நுனி உமிக்கு அருகில் வரும்போதே எலக்ட்ரான் அடர்த்தி மைனஸில் போகிறது. டைம் ஸ்டெப் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு) சுருங்கிச் சுருங்கி அப்படியே நின்றுவிடுகிறது. வியாழக்கிழமை டி.சி. (பிஎச்.டி. ஆய்வுக்குழு) மீட்டிங். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

வெண்ணாறு:
வோல்டேஜ், இடைவெளி, மெஷ் (கணக்குக்காகப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) எதுவுமே சொல்லலையே தம்பி. 2டி-யா 3டி-யா? உமிப் பரப்பில் என்ன கண்டிஷன் கொடுத்திருக்கீங்க?

கொள்ளிடக்கரை:
போட்டோஅயனைசேஷனைப் (ஒளியால் காற்று அயனியாவதை) பாருங்க. பாசிட்டிவ் ஸ்ட்ரீமர் முன்னால் நகர அதுதான் எலக்ட்ரான் தருது. அதை விட்டுவிட்டால் நுனி கூர்மையாகி மாடல் உடையும். எங்கள் லேபில் எப்போதும் அதுதான் காரணம்.

குடமுருட்டி:
15 கிலோவோல்ட் பாசிட்டிவ், இடைவெளி 12 மி.மீ., மெஷ் 10 மைக்ரான், 2டி அச்சுச் சமச்சீர் (பாதி வெட்டுமுகத்தை அச்சைச் சுற்றிச் சுழற்றுவது). போட்டோஅயனைசேஷன் இருக்கு அண்ணா, அதற்கு மூன்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடு போட்டிருக்கேன். நெல் அச்சிலிருந்து 1 மி.மீ. தள்ளி.

ஆசான்_திருவாரூர்:
அச்சுச் சமச்சீரில் 1 மி.மீ. தள்ளி வைத்தால் அது நெல்மணியே அல்ல, அச்சைச் சுற்றி ஓடும் வளையம். முதுகலை முதல் பருவத்துப் பாடம் இது. டைம் ஸ்டெப்பும் கணக்குப் போட்டீர்களா? அடர்த்தி கன மீட்டருக்கு 10-இன் 20-ஆம் அடுக்கு என்றால் மின்சாரத் தளர்வு நேரம் (சேர்ந்த மின்னூட்டம் கலைய ஆகும் நேரம்) சுமார் 10 பிக்கோசெகண்ட். எக்ஸ்ப்ளிசிட் முறையில் (முந்தைய நேர மதிப்புகளை மட்டும் வைத்து அடுத்ததைக் கணக்கிடுவது) டைம் ஸ்டெப் அதைத் தாண்டினால் உடையத்தான் செய்யும். படித்துவிட்டுக் கேளுங்கள்.

தாளடி_மன்னார்குடி:
நாங்கள் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) போட்டு விதைநேர்த்தி செய்கிறோம். நெல்லுக்கு எதற்கு இத்தனை வோல்டேஜ்?

கொள்ளிடக்கரை:
ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உமிமேல் இருக்கும் பூஞ்சையைத் தாக்கும் ஐயா. ரசாயன எச்சம் குறைவு.

தாளடி_மன்னார்குடி:
உமியைத் தாண்டி உள்ளே போகுமா? குறுவைக்கு மூட்டை மூட்டையாக விதை வேண்டும். ஒரு மணிக்கே கம்ப்யூட்டர் திணறுது என்கிறீர்கள்.

ஆசான்_திருவாரூர்:
கணிப்பும் களமும் வேறு. பேச்சு திசை மாறுகிறது.

வெண்ணாறு:
மாறட்டும் சார், அவர் கேட்பது நியாயமான கேள்வி. தம்பி, எனக்குத் தோன்றுவது: வளைந்த உமி தட்டைத் தொடும் இடத்தை ஜூம் பண்ணிப் பாருங்க. அங்கே காற்று இடைவெளி பூஜ்யம் வரை ஆப்பு மாதிரி ஒடுங்கும். இரண்டு பக்கமும் மின்காப்புப் பொருள் என்பதால் மின்புலம் அந்த இடுக்கில் குவியும். 10 மைக்ரான் மெஷ்ஷில் கடைசி முக்கோணங்கள் ஊசியாக நீண்டு கிடக்கும், மைனஸ் அடர்த்தி அங்கிருந்துதான் தொடங்கும். நெல்லைத் தட்டுக்குள் கொஞ்சம் அமிழ்த்தி, தொடுமிடத்தை ஒரு சிறிய பரப்பாக்குங்க. சுற்றிலும் 2 மைக்ரான் மெஷ். அடர்த்திக்குப் பதில் அதன் லாகரிதத்தைத் தீர்த்தால் மைனஸுக்கே வழியில்லை. வந்து சேரும் அயனியும் எலக்ட்ரானும் உமியில் சார்ஜாகச் சேர்கிறதா என்றும் பாருங்க. வளையத்தைப் பற்றி ஆசான் சொன்னது சரி, மணியை அச்சுக்கே கொண்டுவாங்க.

கொள்ளிடக்கரை:
உமியின் பெர்மிட்டிவிட்டி (மின்புலத்துக்கு அது எவ்வளவு முனைவாகும் என்ற அளவு) எவ்வளவு போட்டீங்க? ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் ரொம்ப மாறும்.

குடமுருட்டி:
அமிழ்த்தி, அச்சில் நிமிர்த்தி வைத்தேன், லாகரிதமும் போட்டாச்சு. ஸ்ட்ரீமர் உமியைத் தழுவிக்கொண்டு தட்டு வரை இறங்குது. நன்றி அக்கா. படுத்த நிலையில் இருக்கும் நெல்லுக்கு 3டி-தான் வழியா?