நாயகப் பயணச் சட்டகத்துக்குள் மலையகக் கதை அடங்குமா?

பனிமூட்டம் (அட்டன்):
வணக்கம். இலங்கை மலையகத் தோட்டத் தமிழரின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இளைஞன் ஒருவனைப் பற்றி நாவல் எழுதி வருகிறேன். கைப்பிரதியைப் படித்த நண்பர், புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1949இல் முன்வைத்த நாயகப் பயணச் சட்டகத்துக்கு ஏற்பக் கதையை மாற்றச் சொல்கிறார். புறப்பாடு, சோதனை, மீள்வருகை என்னும் அதன் மூன்று பெரும் பகுதிகளில் கடைசியில்தான் எனக்குச் சிக்கல். அவன் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போகிறான். அரசாங்கத் தாள்களோ அவனைத் தாயகம் திரும்பியவன் என்கின்றன. இப்பயணத்தைப் புறப்பாடாகக் கொள்வதா, மீள்வருகையாகக் கொள்வதா?

தப்பொலி (பண்டாரவளை):
கேம்பல் பல நாட்டுப் புராணங்களை ஒப்பிட்டு 17 கட்டங்களைக் கண்டார். கிறிஸ்டோபர் வோக்லர் அவற்றைத் திரைக்கதையாளர்களுக்காக 12 ஆகச் சுருக்கினார். அதன் பிறகுதான் அது விதிபோல ஓதப்படலாயிற்று. அதை நம் தோட்டத்துக் கூத்துகளோடு உரசிப் பாருங்கள். அருச்சுனன் தபசு ஏறக்குறைய முழுமையாகப் பொருந்தும்: வனவாசத்தில் இருப்பவன் சிவனின் படைக்கலமான பாசுபதம் வேண்டிப் புறப்படுகிறான், தபசு மரத்தில் படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறுகிறான், பன்றிக்காக வேடனாக வந்த சிவனோடு மல்லுக்கு நிற்கிறான், வரம் பெறுகிறான்.

காமன் கூத்து அவ்வாறன்று. மாசியில் காமன் கம்பம் ஊன்றி ஆடப்படும் அக்கதையில், தேவர்களின் ஏவலை ஏற்றுச் சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனைத் தடுப்பவள், கெட்ட கனாக் கண்ட ரதி. சட்டகத்தில் நாயகன் முதலில் தயங்கும் ‘அழைப்பை மறுக்கும் கட்டம்’ இங்கே நாயகனிடம் இல்லை, அவன் மனைவியிடம் இருக்கிறது. அவனோ பாதி வழியில் எரிந்து சாம்பலாகிறான். அதற்குப் பின் கூத்தின் பாரம் முழுவதும் ரதியின் ஒப்பாரியில்தான் தங்குகிறது. கூட்டத்தை அழவைப்பதும் அதுவே. பிறகு அவன் உயிர்பெறுகிறான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான். உங்கள் சிக்கலுக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மீள்வருகை நிகழ்ந்ததா என்பதைத் தாள்களும் தீர்மானிக்க வேண்டாம், நாயகனும் தீர்மானிக்க வேண்டாம். அவனை அடையாளம் காணக்கூடிய ஒருவர் எந்தக் கரையில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

கொழுந்துக்கூடை (மாத்தளை):
தப்பொலி சொல்வது அழகாக இருக்கிறது. ஆயினும் சட்டகத்தின் அடிப்படையிலேயே எனக்கு உடன்பாடில்லை. அது தனிமனிதனின் துணிவை மையமாகக் கொண்டது. நம் முன்னோருக்கு வந்த அழைப்போ, தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஊரில் ஆசைகாட்டி ஆள்சேர்த்த கங்காணியின் அழைப்பு. முன்பணம் வாங்கியவனுக்கு அழைப்பை மறுக்கும் கட்டம் எங்கே இருக்கிறது? கடன் தீர்ந்ததாகத் துண்டு கிடைக்காமல் தோட்டம் மாறவே முடியாத காலமும் இருந்தது. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. ஒப்பந்தத்திலும் இதே நிலைதான்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். இதில் யாருடைய துணிவைப் பாடுவது?

தபால்பெட்டி (நுவரெலியா):
துணிவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, நண்பரே. எந்த நாட்டின் குடியுரிமைக்கு மனுப்போடுவது என்று இரவிரவாக வாதாடிய குடும்பங்கள் உண்டு. அந்த வாதத்தில் ஒரு நாவலுக்கு வேண்டிய அளவு துணிவும் அச்சமும் இருக்கின்றன. சட்டகத்தை எழுதும்போது மறந்துவிட்டு, எழுதி முடித்த பின் எடுத்துப் பாருங்கள். நாயகன் இருநூறு பக்கமும் பிறர் கைப்பிடியில் மட்டும் நகர்கிறானா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

பனிமூட்டம்:
அனைவருக்கும் நன்றி. தோட்டத்திலேயே தங்கிவிடும் அக்கா ஒருத்தி கதையில் ஏற்கெனவே இருக்கிறாள். கதையை அவள் வாய்வழியாகவே சொல்லலாமா?

தப்பொலி:
தாராளமாக. ஆனால் தம்பி போக, அவள் மட்டும் எப்படித் தங்கினாள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். மணமாகிக் கணவனின் விண்ணப்பத்தில் சேர்ந்தவள் என்றால் நம்பும்படி இருக்கும். அப்போது அவளுடைய கல்யாணத்தைக் கப்பலுக்கு வெகு முன்னே, மனுப்போடும் காலத்துக்கும் முன்னே கொண்டுபோக வேண்டிவரும்.