பில்ஸ்னரில் வருவது வெண்ணெய் வாசமா, சோள வாசமா?

நுரைவாசி:
வெளிர் பொன்னிற பீரான பில்ஸ்னரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சுவைத்து மார்க் போடாதீர்கள். 2 டிகிரியில் நாக்கு மரத்துவிடும். கசப்பும் கேஸும்தான் தெரியும். 5 முதல் 7 டிகிரி சரி. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, உள்ளங்கையால் மூடி ஒரு சுழற்று சுழற்றி, கையை எடுத்ததும் குட்டிக் குட்டியாக முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு பழகிப்போய் ஒன்றும் சொல்லாது. ரொட்டி மாதிரி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாசம், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவின் வாசம், புல் வாசம், லேசான காரம், இவ்வளவுதான் இருக்க வேண்டும். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் வறுத்த மால்ட் மூடி மறைக்கிற குறைகளுக்கு இங்கே ஒளிய இடம் கிடையாது.

ஹாப்ஸ்ராஜா:
பலர் குழம்புவது டையசெட்டில், டிஎம்எஸ் என்ற இரண்டு வாசப் பொருள்களில்தான். முன்னது வெண்ணெய் தடவிய பாப்கார்ன். நாக்கில் ஒரு வழுக்கலும் இருக்கும். பின்னது வேகவைத்த சோளம், முற்றினால் முட்டைக்கோஸ். பில்ஸ்னர் மால்ட்டை மிதமான சூட்டில் உலர்த்துவதால் டிஎம்எஸ்ஸின் மூலப்பொருள் அதில் நிறைய மிஞ்சுகிறது. கொதிக்கும்போது அது டிஎம்எஸ்ஸாக மாறும்; அந்த டிஎம்எஸ்ஸை ஆவியாக விரட்டத்தான் மூடியைத் திறந்துவைத்து 90 நிமிடம் கொதிக்கவிடுகிறார்கள். கொதி நின்றபின் ஆறவைக்கத் தாமதித்தாலும் டிஎம்எஸ் உருவாகி உள்ளேயே தங்கிவிடும்.

வெண்ணெய் வாசமோ ஈஸ்ட் சம்பந்தப்பட்ட விவகாரம். 10 டிகிரியில் நொதித்து முடியும் தறுவாயில் 15, 16 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டால் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்துவிடும். டேங்கைக் காலிசெய்யும் அவசரத்தில் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்! ஒன்று, செக் பாணியில் துளி வெண்ணெய் குறையல்ல; ஜெர்மன் பாணியில் குறை. லேபிளைப் பார்த்துவிட்டு மார்க் போடுங்கள்.

லாகர்தம்பி:
அண்ணே, வீட்ல காய்ச்சுறவங்க குளிர வைக்கிறதுக்கு முன்னாடியே வெண்ணெய் வாசம் வருமான்னு கண்டுபிடிச்சுடலாம். ரெண்டு சாம்பிள் எடுத்து, ஒண்ணை மூடின ஜாடியில 60, 65 டிகிரி வெந்நீர்ல 20 நிமிஷம் வைங்க. அப்புறம் ரெண்டையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்து மோந்து பாருங்க. சூடாக்கினதுல மட்டும் வெண்ணெய் அடிச்சா ஈஸ்ட் வேலை இன்னும் முடியல, காத்திருங்க.

ஹாப்ஸ்ராஜா:
சரியான வழி. குழாயில் பிடித்துத் தரும் டேப் பீரில் வெண்ணெயோடு புளிப்பும் சேர்ந்து வந்தால் மட்டும் ப்ரூவரைத் திட்டாதீர்கள். அதே பேட்ச் பாட்டிலில் சுத்தமாக இருந்தால், கழுவாத டேப் லைனில் வளர்ந்த பாக்டீரியாவின் வேலை.

நுரைவாசி:
கிளாஸையும் பாருங்கள். உள்சுவரில் குமிழ்கள் கொத்தாக ஒட்டி நின்றால் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறது. அந்த கிளாஸில் நுரைக்கு மார்க் போடக் கூடாது. கழுவி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.