'தி ஷேடோ' ரசிகர் இதழ்கள்: உங்கள் கைக்கு வந்த கதையைச் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன். பழைய மலிவு விலைக் கதை இதழ்களுக்காக அமெரிக்காவில் நடக்கும் பல்ப்ஃபெஸ்ட் விழா, 2017-ல் கொலம்பஸை விட்டு பிட்ஸ்பர்க் பக்கம் மாறியது எனக்கு வசதியாகப் போயிற்று. நிழலில் மறைந்து குற்றவாளிகளை வேட்டையாடும் ஷேடோ என்ற நாயகனின் நாவல்கள் வந்த 'தி ஷேடோ' அசல் இதழ்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன். பார்த்தேன். 1930-களின் மட்டமான தாள், தொட்டாலே ஓரம் உதிர்கிறது. விலையோ கேட்கவே வேண்டாம். ஆனால் மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டிதான் என்னை உட்கார வைத்தது. முழுக்க ரசிகர்கள் போட்ட இதழ்கள். டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, ஓரத்தில் பின் அடித்தவை.

ஒன்றில் ஷேடோ நாவல்கள் 325-க்கும் பட்டியல் இருந்தது: தேதி, தலைப்பு, எழுதியவரின் உண்மைப் பெயர். முன்பு வைத்திருந்தவர் தன்னிடம் உள்ளவற்றுக்குப் பென்சிலால் டிக் போட்டிருந்தார். 1931 ஏப்ரலில் வந்த முதல் நாவலுக்கு நேரே மட்டும் டிக் இல்லை, ஒரு வட்டம். அதன் பக்கத்தில் ஒரு விலை எழுதி அடித்து, அதைவிடக் கூடுதலாக இன்னொரு விலை.

அந்த 'உண்மைப் பெயர்' சாதாரண விஷயம் இல்லை. இதழில் எல்லாக் கதைக்கும் மேக்ஸ்வெல் கிராண்ட் என்றே போட்டார்கள். மேஜிக் சாமான் விற்ற இரண்டு பேரின் பெயர்களை ஒட்டிச் செய்த புனைபெயர் அது. 280-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர் வால்டர் கிப்சன். மேஜிக் கலைஞர், புகழ்பெற்ற மேஜிக்காரர் ஹூடினிக்காகத் திரைமறைவில் எழுதிக் கொடுத்தவர். இதழ் மாதம் இருமுறை வந்த காலத்தில் பெரும்பாலும் அவர் ஒருவரே ஈடுகொடுத்திருக்கிறார்! தியோடர் டின்ஸ்லி 27, புரூஸ் எலியட் 15. 1949-ல் இதழ் நின்றபின் யார் எதை எழுதினார் என்று தேடித் தொகுக்க மெனக்கெட்டவர்கள் ரசிகர்கள்தான். கிப்சன் 1985 வரை உயிரோடு இருந்தார். வில் மர்ரே என்ற ரசிகரின் 'டுயெண்டே' போன்ற ரசிகர் இதழ்கள் அந்தக் காலத்தைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டன. 1980-ல் மர்ரே கொண்டுவந்த ஷேடோ இதழ் வரலாற்றுப் புத்தகத்துக்குக் கிப்சனே புதிதாக ஒரு ஷேடோ கதை எழுதிக் கொடுத்தார். ரசிகர் வெளியீட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரிந்து இல்லை.

மறுமொழி 1

நான் ரேடியோ வழியாக வந்தவன். சரியாகச் சொன்னால் ஷேடோ பிறந்ததே ரேடியோவில்தான். 1930-ல் ஒரு துப்பறியும் நிகழ்ச்சியில் கதை சொல்லும் குரலாக வந்தார். ஜனங்கள் கடையில் போய் "ஷேடோ புத்தகம் இருக்கிறதா" என்று கேட்க, அப்புறம்தான் பதிப்பகம் இதழையே தொடங்கியது. 1937-ல் ஆர்சன் வெல்ஸ் நடித்த தொடரை கேசட்டில் கேட்டுப் பைத்தியமானேன். ரேடியோவில் ஷேடோ எதிரியின் மனதை மயக்கி மறைகிறார். நாவலில் அந்தச் சக்தி கிடையாது. கறுப்பு அங்கி, இரண்டு கைத்துப்பாக்கி, நிழல், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்த ரசிகர் இதழில் வாசகர் கடிதப் பகுதி முழுக்க இந்தச் சண்டைதான். ரேடியோவுக்காக உருவாக்கிய, ஷேடோவின் தோழியான மார்கோ லேன் 1941-ல் நாவலுக்குள் வந்ததும் எல்லாம் கெட்டது என்று ஒருவர் இரண்டு பக்கம் பொரிந்து தள்ளியிருக்கிறார். எனக்கு மார்கோ பிடிக்கும். ஆனாலும் அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன்.

மறுமொழி 2

வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பின்களைக் கழற்றிவிடுங்கள். துரு தாளைத் தின்றுவிடும். பாலித்தீன் உறைக்குள் அமிலமில்லாத அட்டை வைத்து நிறுத்தி வையுங்கள். முதல் பதிவு போட்ட நண்பரே, அந்த 325 பட்டியலில் ஹாரி வின்சென்ட் வரும் கதைகளைக் குறித்திருக்கிறார்களா? முதல் நாவலில் பாலத்திலிருந்து குதிக்கப் போனவனை ஷேடோ பிடித்து இழுத்துத் தன் ஆளாக்கினாரே, அவன்தான் எனக்கு நாயகன்.

முதல் பதிவர்

குறித்திருக்கிறார்கள், தனிக் கட்டமாகவே. இந்த வாரம் படம் எடுத்துப் போடுகிறேன்.